மூக்குத்தி, முக்காடு, மணிக்கட்டுக் கயிறு

பள்ளிச் சீருடையும் சமய அடையாளமும் குறித்த ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆய்வேட்டின் நடைக்குள் அடங்காதவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நீண்ட பதிவு, பொறுமையுள்ளோர் வாசிக்க.

2007 அக்டோபர் 5ஆம் நாள் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு மூக்குத்தியைப் பற்றித் தீர்ப்பளித்தது. டர்பன் நகரத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியொன்றில் பயின்ற தமிழ்ச் சிறுமி ஒருத்தி 2004 செப்டம்பர் விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினாள். காதில் சிறு தோடும் கையில் கடிகாரமும் தவிர வேறு அணிகலனுக்குப் பள்ளியின் ஒழுங்கு விதியில் இடமில்லை. விளக்கம் கேட்கப்பட்டபோது தாய் தந்த விடை, அது குடும்ப வழக்கம் என்பது: பெண் பருவமெய்திய பின் மூக்குக் குத்துவார்கள், பதினாறாம் பிறந்த நாளில் பாட்டி தங்க மூக்குத்தியைக் கழற்றி வைர மூக்குத்தி அணிவிப்பார். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை 1860 நவம்பரில் நேட்டால் கரையில் இறக்கியது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும், மொழி பெரும்பாலும் நழுவிப் போன பின்னும், ஒரு பாட்டியின் கையில் அந்த வழக்கம் தங்கியிருந்தது.

சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றம் சிறுமியின் பக்கம் வந்தது. இறுதியில் தலைமை நீதிபதி லங்கா எழுதிய தீர்ப்பும் அவ்வாறே அமைந்தது. பள்ளியின் வாதங்களுள் இரண்டு நம் ஊருக்கும் பழக்கமானவை. மூக்குத்தி உங்கள் சமயத்தில் கட்டாயமில்லையே, வெறும் பண்பாட்டு வழக்கம்தானே என்பது முதலாவது. இதை விட்டால் நாளை சடைமுடி வரும், உடலெங்கும் துளையிட்டுக்கொண்டு வருவார்கள், கோவணம் கட்டிக்கொண்டும் வருவார்கள் என்பது இரண்டாவது. ஒரு வழக்கம் கட்டாயமா விருப்பமா என்று அளப்பது தன் வேலையன்று, அந்த மனிதர் அதை உண்மையாகப் பற்றி நிற்கிறாரா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம். இரண்டாண்டுக்கு மேலாக அவள் மூக்குத்தியோடு வகுப்பில் இருந்திருக்கிறாள்; ஒழுங்கோ கல்வித் தரமோ குலைந்ததற்குச் சான்றில்லை என்றும் குறித்தது. தீர்ப்பு வந்தபோது அவள் பள்ளியை விட்டே போய்விட்டாள். ஆயினும், நியாயமான இசைவுக்கு இடமளிக்கும்படி விதியைத் திருத்துக, அதையும் மாணவர், பெற்றோர், ஆசிரியரோடு கலந்து செய்க என்று பள்ளிக்கு ஆணையிட்டது.

அந்த மூக்குத்தி 2022இல் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் முக்காட்டுக்காக வாதாடியோர் டர்பன் தீர்ப்பைத் தாங்கி நின்றனர். மார்ச் 15ஆம் நாளின் நீண்ட தீர்ப்பு அதை விலக்கி வைத்தது. மூக்குத்தி கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் சிறு பொருள், ஹிஜாப் அப்படியன்று என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. (பிரான்சு நாடு பள்ளிகளில் கண்ணைப் பறிக்கும் சமய அடையாளங்களைத் தடை செய்த சட்டத்தின் நாளும் மார்ச் 15தான், ஆண்டு 2004. தற்செயல். ஆனால் அங்கும் அளவுதான் அளவுகோல். கழுத்தில் சிறு சிலுவை போகலாம், பெரிய சிலுவை போகலாகாது.) இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிறேன். உரிமை என்பது பொருளின் பருமனுக்கு நேர்மாறாகக் கிடைக்குமென்றால், பெரிதாகக் கட்டும்படி அமைந்த நம்பிக்கைகள் பிறக்கும்போதே தோற்றவை. சீக்கியரின் தலைப்பாகையைச் சிறியதாகக் கட்டச் சொல்ல முடியுமா?

நம் நீதிமன்றங்கள் நம்பியிருக்கும் மற்றோர் அளவுகோல், 1954ஆம் ஆண்டின் சிரூர் மடத்து வழக்கிலிருந்து வளர்ந்த 'இன்றியமையாச் சமய வழக்கம்' என்னும் கோட்பாடு. மடங்களின் தன்னாட்சியைக் காக்கப் பிறந்த சிந்தனை, காலப்போக்கில் நீதிபதிகளை வேதமும் குர்ஆனும் புரட்டிப் பொருள் கூறும் நிலைக்குக் கொண்டுவந்தது. டர்பன் மூக்குத்தி இந்தத் தேர்வில் உறுதியாகத் தோற்றிருக்கும். எந்த ஆகமத்தில் இருக்கிறது மூக்குத்தி? என் ஆச்சியிடம் கேட்டிருந்தால், 'மூக்குக் குத்தாம எப்படி இருக்கது?' என்பதற்குமேல் ஒரு சொல் வந்திராது. அந்த 'எப்படி இருக்கது' என்பதற்குள் சமயம் எவ்வளவு, அழகு எவ்வளவு, ஊர்வாய்க்கு அஞ்சுவது எவ்வளவு என்று பிரித்துத்தர எந்த வல்லுநர் சாட்சியாலும் இயலாது.

நான் படித்த பள்ளியில் மூக்குத்திக்குத் தடை இருந்தது. பள்ளியின் பெயர் இங்கே வேண்டியதில்லை. அன்று பல பள்ளிகள் அப்படித்தான். மூக்குக் குத்திய பெண்கள் துளை தூர்ந்துவிடாமலிருக்கத் துடைப்பத்து ஈர்க்குச்சியை உளுந்தளவு ஒடித்துச் செருகிக்கொண்டு வருவோம். குச்சிக்குத் தடையில்லை. அது நகையன்று, சமயமுமன்று, துடைப்பம். மாலையில் வீட்டுக்குப் போனதும் குச்சி வெளியே வரும், மூக்குத்தி உள்ளே போகும். சிலருக்குச் சீழ் பிடித்தது. அந்தத் தடையின் நோக்கமும் முற்றிலும் கெட்டதன்று. தங்கம் தொலையும்; இல்லாத வீட்டுப் பிள்ளை இருக்கிற வீட்டுப் பிள்ளையின் கழுத்தைப் பார்த்து ஏங்கும். சீருடை வந்ததே அதற்காகத்தான் என்று எங்கள் தலைமையாசிரியை சொல்வார். அந்த விளக்கத்தை இன்றும் மதிக்கிறேன். ஆனால் நெற்றிப் பொட்டும் தலையில் வைத்த மல்லிகையும் எந்நாளும் கேள்விக்குள்ளாகவில்லை. அவை அடையாளம் என்றே எவருக்கும் தோன்றவில்லை. பெரும்பான்மையின் அடையாளங்கள் காற்றுப்போல, இருப்பது தெரியாது.

நம் அரசமைப்பு ஓர் அணியை மட்டும் பெயர் சொல்லிக் காத்திருக்கிறது. 25ஆம் பிரிவின் முதல் விளக்கம், கிர்பான் அணிவதும் ஏந்துவதும் சீக்கியச் சமயத்தைப் பின்பற்றுவதில் அடங்கும் என்கிறது. வாளுக்கே இடம் கண்ட சாசனத்தின் கீழ் துணிக்கு இடமில்லையா என்று கேட்பது எளிது. மேடையில் கைதட்டலும் வாங்கும். ஆனால் எழுதப்பட்ட விலக்கு ஒன்று இருக்கும்போது எழுதப்படாதவற்றின் நிலை தாழ்ந்துபோகிறது என்பதே எனக்கு உறுத்தலாயிருக்கிறது.

இனித் தேர்வுக்கூடம். 2015ஆம் ஆண்டின் அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில், உள்ளாடையில் பொருத்திய மின்னணுக் கருவிகள் வழியாக விடைகள் கடத்தப்பட்டன. உச்ச நீதிமன்றம் தேர்வை நீக்கி மறுதேர்வுக்கு உத்தரவிட்டது. அந்த ஜூலை மறுதேர்வோடுதான் அரைக்கை, செருப்பு, நகையின்மை என்னும் விதிகள் நாடெங்கும் அறிமுகமாயின. முக்காட்டுக்காகச் சென்றவர்களிடம், ஒருநாள் அதில்லாமல் எழுதினால் நம்பிக்கை மறைந்துவிடாது என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிலுவையையும் தலைத்துணியையும் களைய மறுத்த கத்தோலிக்கக் கன்னியர் ஒருவர் திருவனந்தபுரத்தில் தேர்வெழுதாமல் திரும்பினார். பத்தாண்டு கழித்து, 2025 ஏப்ரலில், கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வில் பூணூலைக் கழற்றச் சொன்னதாக எழுந்த கொந்தளிப்பில் அலுவலர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். முக்காட்டுக்காகவும் சிலுவைக்காகவும் எவரும் பணிநீக்கம் செய்யப்பட்டதாக நான் படித்ததில்லை.

ஆயினும் தேர்வுக்கூடத்து விதி எனக்கு ஒன்றைக் கற்றுத்தந்தது. ஹைதராபாத்தில் இத்தகைய நுழைவுத் தேர்வொன்றுக்கு அறைக் கண்காணிப்பாளராகச் சென்றிருந்தேன். ஆய்வு மாணவர்களுக்கு இது ஒரு சிறு வருவாய். வாசலில் பெண்கள் வரிசைக்கு ஆள் போதவில்லை என்று என்னையும் நிறுத்தினார்கள். முக்காடணிந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் மற்றவர்களுக்கு ஒரு மணிநேரம் முன்னரே வந்திருந்தனர். மரபு உடையில் வருவோர் முன்னதாக வந்தால் சோதித்து அனுப்பலாம் என்பது விதி. திரைக்குப் பின்னால் காதோரம் பார்த்தோம், பின்கழுத்துப் பார்த்தோம். ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, முக்காட்டோடு உள்ளே போனார்கள். சிக்கிக்கொண்டது பின்னால் வந்த வேறொரு பெண். பித்தளைத் திருகு வைத்த பழைய மூக்குத்தி. சிறுவயதில் போட்டது, திருகு இறுகிப்போயிருந்தது. தாய் எதிர்க்கடையிலிருந்து எண்ணெய் வாங்கிவந்தார், சோப்பு நீர் பூசினார், புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகினார். பெண் அழவில்லை, மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் மூட ஒன்பது நிமிடம் இருக்கையில் அது வந்தது, கொஞ்சம் குருதியோடு. என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அவள் உள்ளே ஓடினாள். தாய் மூக்குத்தியை முந்தானையில் முடிந்துகொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொடுமை என்று பதிவிட்டுக் கடந்துபோகக்கூடிய காட்சிதான். ஆனால் அன்று முக்காடு எப்படி உள்ளே போனது என்பதை நான் மறக்க விரும்பவில்லை. தேர்வு விதிக்கு ஒரு நோக்கம் உண்டு, கருவி கடத்தக்கூடாது. துணியைச் சோதித்தாயிற்று, கருவி இல்லை என்றால் அத்தோடு விதியின் வேலை முடிகிறது. 2016இல் கேரள உயர் நீதிமன்றமும், கடாவும் கிர்பானும் அணிந்த சீக்கிய மாணவர்களுக்காக 2018இல் தில்லி உயர் நீதிமன்றமும் கண்ட வழி இதுவே: முன்னதாக வருக, சோதனைக்கு உடன்படுக, உள்ளே போகலாம். டர்பன் தீர்ப்பு நியாயமான இசைவு என்று பெயரிட்டதும் ஏறத்தாழ இதைத்தான். நாட்டிலேயே கெடுபிடி மிகுந்த வாசலில் இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது, நாள்தோறும் திறக்கும் வகுப்பறை வாசலில் தீரவில்லை. வகுப்பறை விதிக்கு என்ன நோக்கம் என்று கேட்டால் 'சீர்மை' என்பார்கள். சீர்மை எய்தப்பட்டதா என்று சோதிக்க ஒரு வழியும் இல்லை. ஆதலால் அந்த விதி எங்கும் முடிவதில்லை.

கேரளத்தில் 2016இல் தேர்வுக்கு முக்காட்டை இசைந்த அதே நீதிபதிதான், 2018இல் தனியார் பள்ளியொன்றின் வகுப்பில் முக்காடும் முழுக்கைச் சட்டையும் கேட்ட மாணவியரின் மனுவில், நிறுவனத்தின் உரிமைக்குத் தனியாளின் உரிமை பணிய வேண்டும் என்றார். இதை முரண்பாடு என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது, வகுப்பறை என்றதும் நம் சட்ட மனம் தானாகவே கைகட்டி நிற்பதன் அறிகுறியாகப் படுகிறது. கர்நாடகத் தீர்ப்பு பள்ளியை நீதிமன்றம், போர்க்கூடம், படை முகாம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்தது. பதினாறு வயதுப் பெண் இயற்பியல் படிக்கும் இடம் படை முகாம் ஆவது எந்தத் தர்க்கத்தால்?

உடுப்பி மாணவியர் கேட்டது என்ன என்பதும் பல விவாதங்களில் விடுபட்டுப்போகிறது. சீருடையை மறுப்பதாக அவர்கள் சொல்லவில்லை. சீருடை நிறத்திலேயே துணியைத் தலையில் அணிவோம் என்றனர். துப்பட்டா பல பள்ளிச் சீருடைகளில் கட்டாயம். மார்பில் சரியாக ஊசி குத்தவில்லையென்று அடிவாங்கிய தோழிகள் எனக்கு உண்டு. மார்பில் கட்டாயமான துணி ஒரு முழம் மேலேறினால் குற்றம்.

2022 அக்டோபர் 13இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்டனர். நீதிபதி ஹேமந்த் குப்தா தடையை ஏற்றார். நீதிபதி சுதான்ஷு தூலியா, இன்றியமையாமை ஆராய்ச்சியே வேண்டாததென்று ஒதுக்கிவிட்டு, பெண்ணின் தெரிவு, தனிமை, மாண்பு, அவளுடைய படிப்பு என்று நடந்தார். தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றும் பாடாமலிருந்ததற்காகக் கேரளப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று யெகோவா சாட்சிப் பிள்ளைகளை 1986இல் மீண்டும் சேர்க்கச் சொன்ன நீதிபதி சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பு அவருக்குத் துணையாயிற்று. வழக்கு பெரிய அமர்வுக்குச் சென்றது. 2024இல் மும்பைக் கல்லூரியொன்று ஹிஜாப், தொப்பி போன்றவற்றைத் தடுத்த சுற்றறிக்கையை ஒருபகுதி நிறுத்திவைத்தபோது உச்ச நீதிமன்ற அமர்வு எழுப்பிய கேள்விகள் கூர்மையானவை: திலகம் இட்டவரையும் தடுப்பீர்களா? பெயரைக் கேட்டாலே சமயம் தெரியுமே, என்ன செய்வீர்கள்?

இதுவரை என்னோடு உடன்பட்டு வந்த நண்பர்கள் இனி முகம் சுளிக்கலாம். திருநெல்வேலிப் பள்ளிகளின் மணிக்கட்டுக் கயிறுகளைத் தடை செய்வதை நான் ஆதரிக்கிறேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று சாதிக்கொரு நிறம். பயிற்சி இந்திய ஆட்சிப் பணி அலுவலர்கள் சுட்டிக்காட்டியதன் பேரில் 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநரகம் சுற்றறிக்கை விட்டது. இந்து நம்பிக்கைக்கு எதிரானதென்று கூக்குரல் எழுந்தது. துறை அமைச்சரே கைகழுவினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு ஒருநபர்க் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி, சாதி நிறம் பூசிய மிதிவண்டி ஆகியவற்றைப் பள்ளியில் விலக்கப் பரிந்துரைத்தது. நெற்றிக்குறி என்ற சொல்லுக்காக மீண்டும் அதே கூக்குரல்.

முக்காட்டுக்கு உரிமை, கயிற்றுக்குத் தடையா என்று கருத்தரங்குகளில் என்னிடம் கேட்கிறார்கள். முக்காடணிந்தவள் உட்காருவதால் அடுத்த இருக்கைக்காரி எழுந்துபோக வேண்டியதில்லை. சாதிக்கயிறு எதிரில் இருப்பவனை நோக்கியே கட்டப்படுகிறது. நாங்கள் இத்தனை பேர், நீ எங்கே உட்கார வேண்டுமென்று தெரிந்துகொள் என்கிறது. 2022 பிப்ரவரியில் கர்நாடகக் கல்லூரிகளில் திடீரென்று தோன்றிய காவித் துண்டுக்கு இணை வைக்க வேண்டியது இந்தக் கயிற்றைத்தான். ஆனால் இடைக்கால ஆணை துண்டையும் முக்காட்டையும் ஒரே மூச்சில் தடுத்தது. நடுநிலை போலவே தோன்றியது. வீட்டின் வற்புறுத்தலால் முக்காடு அணியும் பெண்களும் இருக்கிறார்களே என்பது மெய்யான எதிர்வாதம். அத்தகைய ஒருத்தியை வாசலில் திருப்பியனுப்பினால் அவள் போய்ச்சேரும் இடம் அதே வீடுதான்.

ஆனால் காகிதத்தில் நான் போட்ட இந்தக் கோடு, களத்தில் எவ்வளவு மங்கலானது என்பதைக் காட்டியவர் தென்மாவட்டத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர். நேர்காணலுக்காக இருமுறை சென்றேன். இரண்டாம் முறை, வரும் கல்வியாண்டுக்கு ஒழுங்கு விதி எழுத வேண்டும், நீங்களே எழுதித் தாருங்கள் என்றார். சாதி நிறம் தாங்கிய எதுவும் கூடாது, ஆய்வகத்திலும் விளையாட்டிலும் காயம் விளைவிப்பவை அந்நேரம் கழற்றப்பட வேண்டும், மற்றவை பிள்ளையின் விருப்பம் என்று எழுதிக்கொடுத்தேன். இருமுறை படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்கம்மா. ஒரு பய கையில மஞ்சக் கயிறு கெடக்கு. அம்மன் கோயில் கயிறா, சாதிக் கயிறான்னு யாரு பாத்துச் சொல்லுதது?"

"அவனைக் கேக்கலாமே சார். வீட்டுல கேக்கலாம்."

"கேட்டா எல்லாப் பயலும் அம்மன் பேரத்தான் சொல்லுவான். நெசமாவே காய்ச்சலுக்கு மந்திரிச்சுக் கட்டுன பிள்ளைகளும் இருக்கு. எங்க பி.டி. சார் காலையில வாசல்ல கத்திரிக்கோலோட நிப்பாரு, எல்லாத்தையும் அறுத்துருவாரு. போன வருசம் ஒரு சின்னப் பிள்ளை, கயிறு அறுந்தா அம்மா செத்துருவாங்கன்னு அப்படி ஒரு அழுகை."

அந்தத் தாய்க்கு உண்மையிலேயே உடல்நலமில்லையாம். கயிறுகளை நிறுத்திய பிறகு சாதி எங்கே போயிற்று என்று கேட்டேன். பனியன் நிறத்துக்கும் செல்பேசி நிலைப்படத்துக்கும் போயிற்று என்றார். நான் எழுதியதில் ஒரு வரி சேர்த்தோம்: ஐயம் எழுந்தால் வகுப்பாசிரியர் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தனியே பேசி முடிவு செய்வார், வாசலில் எவரும் எதையும் அறுக்கலாகாது. அறுநூறு பிள்ளைகளுக்கு இது நடக்குமா என்று அவரே ஐயப்பட்டார், ஆனாலும் கையொப்பமிட்டார்.

ஜூலையில் அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. கத்திரிக்கோல் இப்போது கைத்தொழில் அறை அலமாரியில் இருக்கிறதாம். கயிறுகள் சற்றுக் கூடியிருக்கின்றன என்றும், பேசுவதற்கு இன்னும் பதினேழு வீடுகள் மீதியிருக்கின்றன என்றும் எழுதியிருந்தார்.